சன்ன அரிசி வெந்த நேரம்

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. நாலு வரி எழுதினால் ஒருதரம் கையை உதற வேண்டியிருக்கிறது. நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. திங்கள்கிழமை வந்த உன் கடிதத்திலேயே அது தெரிந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். உன் ஆபீசில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி உன்னைக் கேட்டிருக்கிறார், அவர் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம், ஜாதகம்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள் என்கிற இடம் வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குக் கீழே படித்ததும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிரப் போறேம்மா. என்னைப் பேசி முடிச்ச எட்டாம் நாள் ஒரு வீட்டுல கால் ஒடிஞ்சது போதும். அதே ராசியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனசில்லை" என்று எழுதியிருக்கிறாய். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, மதுரையில் சொந்தக் காலில் நிற்கிற பெண் எழுதுகிற எழுத்தா இது என்று முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் முதலில் அடுத்தவர்மேல்தான் வரும், உனக்குத் தெரியாததா? பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் அது யார்மேல் வரவேண்டிய கோபம் என்று உறைத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு மாமனாராக வரவிருந்த கரிவலம்வந்தநல்லூர் அண்ணாச்சிக்குக் கால் ஒடிந்தது உன் ராசியால் அல்ல. நான் வேக வைத்துக் கொடுத்த ரப்பரால். இது எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். உங்கப்பாவுக்கும் தெரிந்திருந்தது. உனக்கு மட்டும் தெரியாது. இந்த இடத்தில் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அது நியாயம்தான். ஆனாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. நான் நல்ல தாய் என்று எழுதிக் காட்ட உட்காரவில்லை. அந்த ஆசை போய் ரொம்ப நாளாகிறது.

நீ பிறந்து வளர்ந்த வீடுதான், இருந்தாலும் வேலையின் நுணுக்கம் உனக்குத் தெரியாது. தெரிய விடவில்லை, ரப்பர் நாற்றம் உன்மேல் ஏறக்கூடாது என்று உன்னை அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே விடமாட்டேன். உங்கப்பா பம்ப்செட் சாமான் விற்கிற கடையில் பதினாறு வருஷம் நின்றார். குருவிகுளம் பக்கத்திலிருந்தும் கரிவலம் பக்கத்திலிருந்தும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் வந்து, பழைய சீமை எஞ்சினுக்கு ஒரு ரப்பர் கேட்டு, இல்லையென்றதும் மூஞ்சி செத்துப்போய்த் திரும்புவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அந்த எஞ்சினுக்குச் சாமான் வருவது நின்று வெகுகாலம். எஞ்சின் கல்லுமாதிரி இருக்கும். கைப்பிடி அளவு ரப்பர் கிடைக்காமல் கிணற்றடியில் சும்மா நிற்கும். ஏதோ ஒரு பழைய ஆபீஸ் ஏலத்தில் கைத்திருகு பிரஸ் ஒன்றை எடுத்தார். லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து இரும்பில் எட்டுக் குழி போட்ட அச்சு கடைந்தார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலிருந்து கந்தகம் கலந்த கருப்பு ரப்பர்ப் பாளம் வரவழைத்தார். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, அச்சில் சோப்புத் தண்ணீர் தடவி, குழியில் அடைத்து, பிரஸ்ஸில் வைத்து இறுக்கி, அடியில் மரத்தூள் அடுப்பு. சூட்டில் அது இளகி, குழிக்குள் பரவி, பிறகு இறுகிக் கப்ளிங் ரப்பராகும். எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் இரண்டு இரும்புத் தட்டை இணைக்கிற ஆணிகளில் மாட்டுவார்களே, விரற்கடை அளவு குட்டி உருளை, அதுதான். எஞ்சின் உதறுகிற உதறலை எல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும்.

இறுக்குவது அவர் வேலை, வேக வைப்பது என் வேலை. இதில் சூட்சுமமே நேரம்தான். கூடுதலாக வெந்தால் ரப்பர் மொறுமொறுவென்று வெடிக்கும். குறைவாக வெந்தால் வெளியே பார்க்க மூக்கும் முழியுமாக இருக்கும், உள்ளே பிசினாக இருக்கும். அவர் கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்து எடுத்த முதல் பத்து அச்சும் வீண். மரத்தூள் அடுப்பு கடிகாரத்துக்குக் கட்டுப்படுமா? ஒருநாள் தூள் காய்ந்திருக்கும், ஒருநாள் நமுத்திருக்கும். நான்தான் சொன்னேன், பக்கத்து அடுப்பிலும் அதே தூளை அடைத்து உலை வைப்போம், சோறு வடிக்கிற பக்குவம் வரும்போது அச்சைத் திறப்போம் என்று. தீ மந்தமானால் சோறும் பிந்தும், ரப்பரும் பிந்தும். அவர் சிரித்தார். "ஏட்டி, நீ ரப்பருக்குச் சோறு ஊட்டுதியா?" என்றார். மறுநாள் அச்சைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டுக் குழியிலும் எட்டு முத்து. அதற்குப் பிறகு பத்துப் பதினோரு வருஷம், ரேஷன் கடைக் கட்டை அரிசிதான் எங்கள் கடிகாரம். சோறு வெந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் அவர் திருகைத் தளர்த்துவார். கடையில் அவரிடம் யாராவது "அண்ணாச்சி, சரக்கு நிக்குமா?" என்று கேட்டால், "வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்" என்பாராம். எனக்கு அதில் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. எட்டாங்கிளாஸ் படித்த பொம்பளைக்கு அதுவே பெரிய பட்டம்.

அந்த நாற்றத்துக்காக நீ பட்டதும் எனக்கு மறக்கவில்லை. ஆறாங்கிளாஸில் உன் தயிர்ச்சோறு டயர் வாடை அடிக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று, மூன்று நாள் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாய். நான் உன்னைச் சமாதானப்படுத்தவில்லை, அடித்தேன். "இந்த வாடைலதான் உனக்குப் பாவாடை வந்தது" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். உண்மைதான், ஆனால் உண்மையைச் சொல்ல அது வழியில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை இருந்து, அது வெட்கப்பட்டு வந்து நின்றால், முதலில் சோறு போடு. நியாயம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கரிவலத்துச் சம்பந்தம் வந்தபோது உனக்கு இருபத்தொன்று. பையனுக்குக் கூட்டுறவு ஆபீசில் வேலை, வீட்டில் நஞ்சை புஞ்சை, கிணறு. அந்தக் கிணற்றில் பழைய சீமை எஞ்சின். முதலில் அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேசரியும் வடையும் காப்பியும்தான். உன்னைப் பார்த்துப் பிடித்துப்போய், ஆவணி பிறந்ததும் பேசி முடித்துக் கை நனைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்து ஒருவேளை சோறு தின்றுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதன் பிறகு விலகினால் இரண்டு வீட்டுக்கும் கேவலம். அப்பேர்ப்பட்ட சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி போட முடியுமா? அம்பாசமுத்திரத்துச் சன்ன அரிசி வாங்கி வரச் சொன்னேன். உங்கப்பாவுக்கோ வேறொரு ஆசை. "சம்பந்தி வீட்டு எஞ்சினுக்கு ஒரு செட் ரப்பர் புதுசா எடுத்துக் கையில கொடுக்கணும். பழசைக் கொடுக்கப்பிடாது, அன்னைக்குக் காலைல எடுத்ததா இருக்கணும்" என்றார். பலகாரத்தைச் சூடாகக் கொடுக்கிற மாதிரி ரப்பரையும் சூடாகக் கொடுக்க நினைத்தார், பாவம்.

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். ஒரு அடுப்பில் பிரஸ், ஒரு அடுப்பில் உலை, கல் அடுப்பில் சாம்பார், நடுவில் நான். நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தாழ்வாரத்தில் வந்து நின்று உலையை எட்டிப் பார்த்தாய். "யம்மா, இன்னைக்குச் சோறு அதுக்குள்ள வெந்துட்டே" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சன்ன அரிசி அப்படித்தாமுட்டி வேகும். நீ இங்கன நிக்காம போய்ச் சேலையை உடுத்து" என்றேன். உன் வாயிலிருந்து வந்தது, செல்வி. நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான்தான் காதில் வாங்கவில்லை. பழக்க தோஷத்தில் சோற்றை வடித்துக்கொண்டே உங்கப்பாவைக் கூப்பிட்டு, "வெந்துட்டு, திறங்க" என்று சொல்லிவிட்டேன். கட்டை அரிசி வேகிற நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. அவர் திருகைத் தளர்த்தினார், அச்சைத் திறந்தார். எட்டும் பளபளவென்று இருந்தன. இதுவரைக்கும் எடுத்ததிலேயே இதுதான் அழகு என்றுகூடச் சொன்னார். ஆறை ஒரு புதுத் துண்டில் வைத்து மடித்தார். இரண்டு மிச்சம். பத்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், உனக்குப் பூ வைத்தார்கள், சாப்பிட்டார்கள். கரிவலத்து அண்ணாச்சி இரண்டாம் தரமும் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, சோறு பூவா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் கிளம்பும்போது உங்கப்பா அந்த ஆறு ரப்பரையும் கொடுத்தார், அன்று சாயங்காலமே எஞ்சினில் மாட்டிவிட்டார்களாம். எட்டாம் நாள், மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது, ரப்பர் பிய்ந்து, ஆணி முறிந்து, துண்டு தெறித்து அண்ணாச்சி கெண்டைக்காலில் பாய்ந்தது. எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். உங்கப்பா பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எஞ்சின் பழசு, ஷாஃப்ட் ஆடிப்போச்சாம்" என்றார். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியே அவர் வாயால் சொன்னாராம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவுக்கு ஆயுசு பத்து நாள். பதினோராம் நாள் அவர்கள் வீட்டம்மாளின் அக்காள் ஒருத்தி வந்து, இதே தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், "குத்தம் சொல்லதா நினைக்காதிய. பொண்ணு தங்கந்தான். ஆனா கை நனைச்ச எட்டு நாள்ல குடும்பத் தலைவனைப் படுக்கப் போட்டுட்டு. ராசி ஒத்து வரலன்னு எங்க தங்கச்சி பயப்படுதா" என்று சொல்லிவிட்டு, பூ வைத்த அன்று அவள் தங்கச்சிக்கு நாம் கொடுத்த சேலையைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். நீ உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் கட்டை அரிசி உலை வைத்தேன். மரத்தூளைக் குத்தி அடைத்து, அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்திருந்தேன், வேகவே இல்லை. உன்னைப் பற்றிய கவலையில் நேரம் நகரவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு நீ அன்று சொன்னது திடீரென்று காதில் விழுந்தது. எழுந்து போய், மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். வெளியே ஒரு அரிசி கனத்துக்குத்தான் ரப்பர். உள்ளே நகத்தை வைத்தால் அப்படியே பதிகிறது, களி மாதிரி. உங்கப்பா கடையிலிருந்து வந்ததும் கையில் கொடுத்தேன். வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்தார். அப்புறம், "இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்மகிட்ட ரப்பர் வாங்க மாட்டான். அடுப்பு அணைஞ்சிரும்" என்றார். "அப்போ பிள்ளையை ராசி கெட்டவன்னு சொல்லுதாவளே?" என்றேன். "நாலு மாசத்துல மறந்துருவாவ. ஊரு வாய் என்னைக்கு ஒரே பேச்சுல நின்னிருக்கு?" என்றார். பழியை அவர்மேல் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. செத்துப்போனவர், பதில் சொல்ல வரமாட்டார். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. அதுதான் என் குற்றம். என் கைப்பக்குவத்துக்குப் பேர் கெட்டுவிடுமே என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. அந்தப் பாதித் துண்டைப் பழந்துணியில் சுற்றிக் கடுகு டப்பாவில் போட்டேன். மிச்சத்தை எரித்தேன். அன்றிலிருந்து நேரத்துக்கென்று ஒரு பிடி கட்டை அரிசியைத் தனிச் சட்டியில் வேக வைத்தேன், தீபாவளி பொங்கலானாலும் சரி. சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுப்பு எரிந்தது.

ஊர் மறக்கவில்லை. வந்த மூன்று இடமும் எங்கேயோ விசாரித்துக்கொண்டு ஒதுங்கின. அதைவிட, நீ நம்பிவிட்டாய். முதலில் அடுத்தவர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினாய். பிறகு எதிர்வீட்டு வாத்தியார் மகன் இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறான் என்றால் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவள் பாதியில் எழுந்து உள்ளே வந்துவிடுவாய். நான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று மூடிக்கொள்வேன். நாள் ஆக ஆக அந்தக் கேள்விதான் பெரிதானது. ஒன்று சொல்லுகிறேன் கேள்: புருஷனிடமோ பிள்ளையிடமோ சொல்லவேண்டியது ஒன்று இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் அது இரண்டு குற்றமாகிவிடும்.

உங்கப்பாவை நெஞ்சுவலிக்காக மதுரைக்குக் கொண்டுபோன நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. வாசலில் வாடகைக் கார் வந்து நிற்கிறது, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அவர் வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "எங்கட்டி செல்வி? அவளை வரச் சொல்லு, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்கிறார். நீ கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்றாய். நான் வந்து கூப்பிட்டேன். "நான் எதிர்ல வரக்கூடாதும்மா. அப்பா நல்லா திரும்பி வரட்டும்" என்றாய். அப்போதாவது உன் கையைப் பிடித்து, "போட்டி பைத்தியக்காரி, ராசியாவது மண்ணாவது, ரப்பர் வேகலைட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் ஓடிவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை. வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லிருக்கலாம்ட்டி நாம" என்றார். எதைச் சொல்லுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா?

உன் கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, கரிவலத்துக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடுகு டப்பாவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணாச்சி வீட்டுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் கொஞ்சம் வளைந்துதான் கூடியிருக்கிறது, கம்பு ஊன்றுகிறார். அவர் வீட்டம்மாள் போன வருஷம் தவறிவிட்டாளாம். மருமகள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மோரைத் தொடாமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லித் துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அறுத்த பக்கத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். "இதே மாதிரிதான் தங்கச்சி இருந்துது. தெறிச்சு விழுந்த ரப்பரைப் பண்ணையாளு பொறுக்கிக் கொண்டாந்து காட்டுனான். உள்ள பிசினு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா அண்ணாச்சி ஷாஃப்ட் ஆடுச்சுன்னு சொன்னிய?" என்று கேட்டேன். "வேற என்ன சொல்லச் சொல்லுதே? உங்க வீட்டுல கை நனைச்சிட்டு வந்தவன். தின்ன சோறு செரிக்கதுக்குள்ள, உங்க பண்டம் என் காலை ஒடிச்சிட்டுன்னு சொல்லுவனா? அதை வச்சுத்தானே உங்க வீட்டு அடுப்பு எரியுது? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கப்பிடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். பண்ணையாளையும் பேசப்பிடாதுன்னுட்டேன்" என்றார். எவ்வளவு பெரிய மனசு பார். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கியது, கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. "அப்போ எங்க பிள்ளை ராசி கெட்டவன்னு உங்க வீட்டுல பேசுனாவளே, அப்பயும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தியளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். "பொம்பளைய பேச்சு, தன்னால அடங்கும்னு நினைச்சேன் தங்கச்சி" என்றார். பிறகு, "தப்புத்தான்" என்றார். திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். உங்கப்பா சொன்ன அதே வார்த்தையை அல்லவா இவரும் சொல்லுகிறார்? நான் என்ன யோக்கியதையில் திட்டுவது? எங்கள் அடுப்பு அணையக்கூடாது என்று நாங்கள் இரண்டு பேர் நினைத்தோம், அவரும் நினைத்தார். எல்லாரும் சேர்ந்து அடுப்பைக் காப்பாற்றினோம். உன்னைக் காப்பாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவர், "பிள்ளைக்கு எங்கயாவது இடம் அமைஞ்சா எனக்குக் காயிதம் போடுங்க. நான் நேர்ல வந்து நாலு பேர் முன்னால சொல்லுதேன், என் காலை ஒடிச்சது எஞ்சினும் இல்ல, பொண்ணும் இல்லன்னு" என்றார். எங்கள் பேரைச் சொல்லத் தயங்கினார். நானே சொன்னேன், "அண்ணாச்சி, எங்க பேரைச் சொல்லியே சொல்லுங்க" என்று. இப்போது வாரத்துக்கு ஒருநாள்தான் பிரஸ்ஸை இறுக்குகிறேன், அதுவும் பாதி நாள் கை ஒத்துழைப்பதில்லை. பேர் கெட்டால் கெடட்டும். உன்னைவிட என்ன பெரிய பேர் எனக்கு? இதை எட்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் மதிப்பு. இன்றைக்குச் சொல்வது சுலபம், அதுவும் எனக்குத் தெரிகிறது.

மன்னித்துவிடு என்று எழுத இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். அதை நீ வெள்ளிக்கிழமைக்குள் செய்யவேண்டியதில்லை. எப்போதுமே செய்யாமல்கூட இரு. வெள்ளிக்கிழமை நீ அந்தத் தம்பியிடம் சம்மதம் சொல்லவேண்டும் என்றுகூட நான் எழுதவில்லை. அவரைப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். ராசியைக் காட்டி மட்டும் சொல்லாதே. இல்லாத ஒன்றுக்காக ஒரு நல்ல மனுஷனை விட்டுவிடாதே.

இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு வாத்தியார் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளை வியாழக்கிழமை ட்ரெயினிங்குக்கு மதுரை வருகிறார், உன் ஹாஸ்டலிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பலகாரம் என்று நினைத்துவிடாதே. பழந்துணியைப் பிரி. உள்ளே அரிவாள்மனையில் அறுத்த பாதித் துண்டு இருக்கும். மேல்பக்கம் பளபளப்பாகத்தான் தெரியும், அதைப் பார்க்காதே, அறுத்த பக்கத்தைத் திருப்பு. அதில் மூன்று நகத்தடம் இருக்கிறது: ஒன்று என்னுடையது, ஒன்று உங்கப்பாவுடையது, ஒன்று கரிவலத்து அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை அழுத்தியது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று பேர். எட்டு வருஷம் கழித்தும் உள்ளே இளக்கமாகத்தான் இருக்கிறது. நீயும் உன் கட்டைவிரலை வைத்து ஒருதரம் அழுத்திப் பார், மகளே. உன் ராசி என்று நீ சுமந்துகொண்டிருப்பது இவ்வளவுதான்.

அம்மா